கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு நூல்

எங்கள் ஊரில் கலப்படம் செய்யாமல் கரடிப் பித்தம் விற்றவள் என் அண்ணி தோவா ஒருத்திதான். அதற்கு அவளுக்குக் கிடைத்த பரிசைக் கேட்டால், உண்மையே பேசு என்று சொல்லிப் பிள்ளை வளர்க்கிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

நான் ஊர் வாசலில் நத்தைக் குழம்பும் அரிசிச் சேவையும் விற்கிறவள். பெயர் மூய். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரே சொல்லும், அது உண்மைதான். தோவா என் அண்ணன் லிச்சின் மனைவி. செந்நதிக்கு அக்கரையிலிருந்து படகில் மருமகளாக வந்தாள். வந்த அன்றே அடுப்படிக்குள் போய், என் அம்மா விருந்தாளிகளுக்கு எடுத்து வைத்திருந்த சாராயத்தை முகர்ந்துவிட்டு, "இதுல தண்ணி கலந்திருக்குங்க அத்தை" என்றாள். கலந்தது என் அம்மாதான். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அம்மாவுக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை.

அண்ணன் அப்போது செங்கல் சூளையில் வேலை பார்த்தான். ஒரு மழைக்காலத்தில் அடுக்கி வைத்திருந்த சுடாத பச்சைக் கல் சரிந்து அவன் மேல் விழுந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் கழுத்திலிருந்து இடுப்பு வரை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப்போனது. மூச்சு இழுத்தாலே கத்தினான். சேதி கேட்டு வந்த தோவாவின் அப்பா, மலைக்காரன் ஒருவனிடம் எப்போதோ வாங்கிப் பரணில் தொங்கவிட்டிருந்த காய்ந்த கரடிப் பித்தப்பையைக் கொண்டுவந்தார். நகக்கண் அளவு சுரண்டி, வெள்ளைக் கிண்ணத்தில் இருந்த தண்ணீரில் போட்டுக் காட்டினார். மஞ்சளாக ஒரு நூல், கலையாமல், நேராக அடிவரைக்கும் இறங்கியது.

"நூல் இறங்கினா அசல். கலைஞ்சா பன்னிப் பித்தம்" என்றார். மீதியைச் சாராயத்தில் கரைத்துப் பாதியை முதுகில் தேய்த்தார், பாதியைக் குடிக்க வைத்தார்.

அண்ணன் எழுந்து நடந்தான். பித்தத்தால் எழுந்தானா, இளம் வயசு ரத்தத்தால் எழுந்தானா, யார் கண்டது? தோவாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்த வெள்ளைக் கிண்ணத்தை அவள் அப்பாவிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

பிறகு சில வருடங்களில் எங்கள் ஊர்ப் பன்றிக் கொட்டில்களெல்லாம் கரடிக் கூண்டுகளாயின. எல்லைப் பக்கத்து வியாபாரிகள் குட்டிகளைக் கூடைக்குள் மறைத்து, மேலே முட்டைக்கோசைப் பரப்பிக் கொண்டுவந்தார்கள். தோவா கல்யாணத் தோட்டையும், சினையாக இருந்த பன்றியையும் விற்றுக் குட்டிகள் வாங்கினாள்.

"காசுக்காகன்னு நினைக்காதே மூய். இந்த வீட்டுல இனிமே யாரும் வலியில கத்தக் கூடாது" என்றாள்.

காசும் வந்தது. வந்ததை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆற்றங்கரை மேட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற அந்தப் பச்சை மாடி வீடு கரடிகள் கட்டியதுதான்.

பித்தம் எடுப்பது எங்கள் ஊரில் ஒரு விருந்து. ஞாயிற்றுக்கிழமை ஹனோயிலிருந்து வேனில் வருவார்கள். ஊரெல்லாம் போலிச் சரக்கு என்பதால், தன் கண்ணால் பார்க்காமல் ஒருத்தனும் வாங்க மாட்டான். மயக்க ஊசி போட்ட கரடியை வெளியே இழுத்து, மல்லாக்கப் போட்டு, நாலு காலையும் கட்டுவார்கள். ஸ்கேன் மிஷின்காரன் வயிற்று ரோமத்தை மழித்து, பை எங்கே என்று தேடி, நீளமான ஊசியைச் செருகுவான். பச்சையாகப் புட்டியில் இறங்கும். அங்கேயே சாராயத்தில் ஊற்றி, கோழியை வெட்டி வேகவைத்து, கிண்ணத்தோடு கிண்ணம் இடித்துக் குடிப்பார்கள். பக்கத்திலேயே கரடி கயிற்றுக்குள் குறட்டை விட்டுக்கொண்டு கிடக்கும். எல்லாம் முடிந்து, "அக்கா, உங்க அரிசிச் சேவைக்கு நிகர் இல்லை" என்று என் கடையிலும் ஒரு கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

எதிர்த்த வீட்டுத் தியெப்பின் கரடிகளுக்குத் தீனியே கிடையாது. வற்றிப்போன கரடியிடம் பித்தத்துக்கு எங்கே போவது? ஆனால் அவன் புட்டி மட்டும் எப்போதும் நிறையும். சட்டைக் கைக்குள் ஒரு மெல்லிய ரப்பர் குழாய், அக்குளில் பன்றிப் பித்தம் நிறைத்த ஒரு பை. ஊசி வயிற்றுக்குள் மறைந்ததும் அக்குளை இறுக்குவான், அவ்வளவுதான். கண்ணால் பார்த்தே தீருவேன் என்று வந்தவர்கள் கண்ணால் பார்த்துக் கைதட்டிவிட்டுப் போனார்கள்.

தோவாவால் அதைப் பொறுக்க முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, விருந்தாளிகள் சுற்றி நிற்க, வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரோடு அவன் முற்றத்துக்குள் போனாள். புட்டியிலிருந்து ஒரு சொட்டு விட்டாள். சொட்டு தண்ணீரில் மூத்திரம்போல் கலைந்து பரவியது.

"கலைஞ்சுருச்சு. பன்னி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

வேன் கிளம்பிப் போனது. தியெப் தெருவுக்கே வந்து நின்று கத்தினான். "பெரிய அசல்காரி வந்துட்டா! உன் அசலை உன் வீட்டுலயே வெச்சுக் குடி! உன் புருஷனுக்கே ஊத்து!"

நானும் வாசலில் நின்று சரிக்குச் சரி கொடுத்தேன். ஆனால் அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட வீண் போகவில்லை.

அப்புறம் சட்டம் வந்தது. வனத்துறைக்காரர்கள் கரடிகளின் தோலுக்கடியில் அடையாளத்துக்கு அரிசிபோல ஒரு சில்லைச் செருகிவிட்டு, வளர்க்கலாம், ஆனால் பித்தம் எடுக்கக் கூடாது என்றார்கள். ஆட்டுக்குத் தாடி எதற்கு என்பதுபோல ஊர் சிரித்தது. வேன்கள் கொஞ்ச காலம் கொல்லைப்புறமாக வந்தன, பிறகு குறைந்தன, பிறகு நின்றேபோயின. தீனிக்கு வழியில்லாமல் கரடிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. செத்ததுபோக மிச்சத்தைச் சிலர் மலைப்பக்கத்துக் கரடிக் காப்பகத்துக்குக் கொடுத்தார்கள். தியெப்பின் கூண்டுகளில் இப்போது வாத்துகள். ஆனால் பன்றிப் பித்தப் புட்டிகள் மட்டும் அஞ்சலில் போய்க்கொண்டிருந்தன. கண்ணால் பார்க்க வேண்டும் என்ற வழக்கமும் போய்விட்டதால் அவனுக்கு ரப்பர் குழாய் செலவும் மிச்சம்.

தோவாவிடம் லூ மட்டும் மிஞ்சியது. நாய்க்கு வைக்கிற பெயரைக் கரடிக்கு வைத்திருந்தாள். நெஞ்சில் பிறைபோல வெள்ளைக் கோடு, ஒரு கையில் விரல் கிடையாது. பொழுதெல்லாம் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நிற்கும். என் கடையில் மிஞ்சிய கஞ்சியும் பூசணிக்காயும்தான் அதற்குத் தீனி. நான் வாளியோடு போனால் ஆட்டத்தை நிறுத்தும், வைத்துவிட்டுத் திரும்பினால் மறுபடி தொடங்கும். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். ஏன் எரிச்சல் என்று அப்போது யோசித்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனின் கண்கள் மஞ்சளாயின. வயிறு வீங்கியது, கால் மெலிந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் கல்லீரல் என்றார்கள். டாக்டர் சின்னப் பையன்தான், ஆனாலும் மரியாதையாகப் பேசினான்.

"மாமாவுக்கு நான் குடுக்குற மாத்திரை மட்டும் போதும் அத்தை. சாராயம் தொடக் கூடாது. நாட்டு மருந்து, வேர், பித்தம் எதுவுமே வேண்டாம். அந்தக் கல்லீரல் இனிமே எதையும் தாங்காது."

அண்ணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும், "இந்தப் புள்ள அசல் பித்தத்தைக் கண்ணால பாத்திருக்குமா? தியெப் மாதிரி ஆளுங்க சரக்கைக் குடிச்சுட்டு வந்தவங்களைப் பாத்துட்டுச் சொல்லுது" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சூளைக் கல் விழுந்த அண்ணன் எழுந்து நடந்ததைப் பார்த்தவள்தானே நானும்.

டாக்டருக்காகச் சாராயத்தை மட்டும் விட்டாள். மாத்திரையும் நேரத்துக்குக் கொடுத்தாள். அதற்கு மேல் ஸ்கேன் மிஷின்காரனை ரகசியமாக வரவழைத்தாள். லூவிடம் பித்தம் எடுத்து வெகுகாலம் ஆகியிருந்தது. வெகுகாலம் எடுக்காத பித்தத்துக்குத்தான் வீரியம் அதிகம் என்பது எங்கள் ஊர்க் கணக்கு.

மிஷின்காரன் திரையைப் பார்த்து வாயைப் பிளந்தான். "அக்கா, பை என்னமா உப்பியிருக்கு பாருங்க! இப்படி ஒரு நெறைஞ்ச பையை நான் பாத்ததே இல்ல. தேங்கிக் கெடக்கு. உங்க வீட்டுக்காரருக்கு நல்ல காலம்."

ஊசியில் வந்தது பச்சை இல்லை. கறுப்பு, பாகுபோலக் கெட்டி. தோவா கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டாள். நூல் இறங்கவில்லை, கயிறு இறங்கியது. அடியில் போய்ச் சுருண்டு உட்கார்ந்தது. அவள் கண் கலங்கிவிட்டது.

"பாரு மூய், பாரு! எங்கப்பா காட்டுனதுகூட இப்படி இல்ல. இத்தனை வருசம் ஊருக்கெல்லாம் குடுத்தோம். உங்க அண்ணனுக்குன்னு லூ சேத்து வெச்சிருக்கு."

காலையும் மாலையும் தேனில் குழைத்துக் கொடுத்தாள். அண்ணன் முகத்தைச் சுளிக்காமல் விழுங்குவான். விழுங்கிவிட்டு அவளைப் பார்த்துச் சிரிப்பான். புட்டி தீர்ந்தால் மிஷின்காரன் மறுபடி வருவான்.

காப்பகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி கால்நடை டாக்டர். கூண்டுக்கு முன்னால் குத்தவைத்து லூவை வெகுநேரம் பார்த்தாள்.

"அக்கா, இதுக்கு உடம்பு சரியில்ல. வயித்தைத் தொட விட மாட்டேங்குது பாருங்க. எங்ககிட்ட குடுத்துருங்க, நாங்க பாத்துக்கறோம்."

"எங்க வீட்டுக்காரருக்கும்தான் உடம்பு சரியில்ல. அவருக்கு வயித்தைத் தொட்டுப் பாக்க யாரு வந்தீங்க?" என்றாள் தோவா.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தோவாவும் கொஞ்சம் இறங்கி, "அவரு எழுந்து உக்காரட்டும்மா. நானே என் கையால ஏத்தி அனுப்புறேன்" என்றாள். சொன்னால் செய்கிறவள்தான்.

அண்ணன் எழுந்து உட்காரவில்லை. மஞ்சள் கண்ணிலிருந்து தோலுக்கு இறங்கியது. வாந்தி எடுத்தான். காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன டாக்டர் சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வேற எதாச்சும் குடுக்குறீங்களா அத்தை?" என்று கேட்டான். வேறொருத்தியாக இருந்தால் "கஞ்சி மட்டும்தான்" என்று சொல்லியிருப்பாள்; தோவாவுக்குப் பொய் சொல்ல வராது. குனிந்து அண்ணனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். நீளமாக மூச்சு விட்டான்.

"அண்ணி, கொஞ்ச நாள் நிறுத்தித்தான் பாரேன்" என்றேன் வரும் வழியில்.

"நிறுத்தச் சொல்றியா? உங்க அண்ணன் போய்ட்டா நான் நிறுத்துனதாலதான் போனான்னு அப்புறம் நீயே சொல்லுவ" என்றாள். மறுநாளிலிருந்து தேனில் பித்தத்தின் அளவு கூடியது.

லூ கஞ்சியைத் தொடுவதை நிறுத்தியது. தலையாட்டுவதையும் நிறுத்தியது. ஒரு விடியலில், ஊர் ஒலிபெருக்கி உர விலையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, தோவா என் கடைக்கு ஓடி வந்தாள். "மூய், கத்தியை எடுத்துட்டு வா. லூ போயிருச்சு."

கரடி செத்தால் முதலில் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் வந்து சில்லைச் சரிபார்த்து எரிப்பார்கள்.

"சொல்லிரலாம் அண்ணி" என்றேன்.

"சொல்லுவேன். முதல்ல பை, அப்புறம் ஆபீசு. அவருக்கு இதுதான் கடைசி மருந்து."

கூண்டைத் திறந்தோம். கூண்டுக்குள் நான் காலை வைத்தது அதுதான் முதல் தடவை. உள்ளே நின்றால் இரண்டு பக்கமும் கம்பி தோளில் இடித்தது. லூவின் பின்னங்காலை நான் பிடித்துக்கொண்டேன். தோவா பன்றி அறுத்துப் பழகிய கை, தயங்காமல் கீறினாள்.

முதலில் நாற்றம் வந்தது. நத்தை விற்கிறவள் நான், அழுகல் எனக்குப் புதிதல்ல. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தோவா திருப்பவில்லை. கையை உள்ளே விட்டுப் பையை எடுத்தாள். கோழி முட்டையளவு இருக்க வேண்டிய பை மாட்டுக் குளம்புபோலத் தடித்து, வெளுத்து, ஈரலோடு ஒட்டிக் கிடந்தது. ஊசி குத்திய இடமெல்லாம் கட்டி. ஈரலில் கொய்யாக்காய் கொய்யாக்காயாக முடிச்சு. பையைக் கிழித்ததும் கறுப்புப் பாகோடு கற்கள் உதிர்ந்தன, பின்னாலேயே மஞ்சளாகச் சீழ் வந்தது. எங்களுக்கு அத்தனை நாள் கெட்டியாகத் தெரிந்தது அந்தச் சீழ்தான்.

பிறகு தோவா ஒரு காரியம் செய்தாள், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எழுந்து போய் வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வந்தாள். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டை விட்டாள்.

நூல் நேராக, கலையாமல், அடிவரைக்கும் இறங்கியது.

கிண்ணத்தைக் குற்றம் சொல்லி என்ன பயன்? கரடியா, பன்னியா என்று கேட்டோம். கரடி என்று அது சொன்னது. நல்ல பித்தமா என்று எங்களில் ஒருத்தரும் அதைக் கேட்டதே இல்லை. அந்தப் பாவி மனுஷி ஊருக்கே அசல் கொடுத்தாள், கட்டின புருஷனுக்கு அதைவிட அசலாகக் கொடுத்தாள். தியெப்பின் பன்றியைக் குடித்த ஹனோய்க்காரர்கள் இன்றைக்கும் கொழுகொழுவென்று இருப்பார்கள். எனக்கு யாரை அடிப்பது என்று தெரியாமல் கூண்டுக் கம்பியை உதைத்தேன். கால்தான் வலித்தது.

மாடியிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "தோவா... விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு. மருந்து எங்கே?"

தோவா குழாயடியில் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு, சாம்பல் போட்டு, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினாள். "நீ ஆபீசுக்குப் போன் பண்ணு" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து தியெப்பின் வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். சண்டைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

தியெப் முற்றத்தில் உட்கார்ந்து மூங்கில் குழாயில் புகை இழுத்துக்கொண்டிருந்தான். "வாங்க தோவாக்கா. என்ன, கிண்ணத்தை மறந்துட்டு வந்துட்டீங்க?"

"ஒரு புட்டி வேணும்."

"எது?"

"நீ விக்கிறது."

அவன் குழாயைக் கீழே வைத்தான். "அது பன்னிப் பித்தம்னு ஊரைக் கூட்டிச் சொன்னதே நீங்கதானேக்கா."

"அதனாலதான் வந்தேன். பன்னிதானே? வேற எதையும் கலக்கலையே? சத்தியமாச் சொல்லு தியெப்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சட்டையில் இருந்த கறையைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "எங்கம்மா மேல சத்தியமா பன்னிதான்க்கா. இன்னிக்குச் சந்தைல அறுத்தது. சுத்தமான பன்னி."

அவள் வாழ்க்கையில் சோதித்துப் பார்க்காமல் வாங்கியது அந்த ஒரு புட்டிதான்.

"கொடுக்காமலே இருந்துறலாமே அண்ணி" என்றேன் படியேறும்போது.

"இப்ப நிறுத்துனா ஏன்னு கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும்?" என்றாள்.

அண்ணன் அதற்குப் பிறகு நாற்று நடவு வரைக்கும்தான் இருந்தான். வனத்துறைக்காரர்கள் எரித்த கரடியைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சாவைவிட எனக்கு லூ செத்த அந்தக் காலைதான் நெஞ்சில் நிற்கிறது.

தோவா தேனில் குழைத்து ஸ்பூனை அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் விழுங்கினான். நாக்கைச் சப்புக்கொட்டி, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் ருசி பார்த்தான். எலும்பும் தோலுமான கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இதுதான் தோவா அசல்" என்றான். "இத்தனை நாள் குடுத்ததுல ஒரு நாத்தம் இருந்துச்சு. லூகிட்ட தீந்துபோய் நீ தியெப்கிட்ட வாங்கிக் குடுக்குறியோன்னு நினைச்சேன். கேட்டா உன் மனசு நோகும்னு பேசாம குடிச்சேன்."

கீழே தெருவில் வனத்துறை வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"லூ எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

கல்யாணமாகி வந்த அன்றே மாமியார் சாராயத்தில் தண்ணீர் என்று சொன்னவள் ஸ்பூனைத் துடைத்து வைத்தாள்.

"நல்லாத் தின்னுதுங்க" என்றாள்.